அண்டாவுக்கு இரண்டு காது: கூட்டுச் சமையலைக் கதையாக்கிய அனுபவம்

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நான் ஒரு சிறுகதை எழுதி ஞாயிற்றுக்கிழமை இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், தைப்பூசத்துக்கு முந்திய இரவு, தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒன்றுசேர்ந்து அன்னதானத்துக்குச் சமைத்து, பொழுது விடிந்ததும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே சாம்பாரைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவதாக அந்தக் கதையை முடித்திருந்தேன். மூன்று வாரங்கள் கழித்து ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். வழக்கமான மறுப்பு வாசகத்துக்குக் கீழே தம் கைப்பட இரண்டு வரிகள் சேர்த்திருந்தார்: "பந்தியில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை."

முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய பழக்கத்தில், என் கதையிலும் எழுத்துப் பிழையோ சந்திப் பிழையோ இல்லை என்று நம்பியிருந்தேன். அந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகு கதையை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பதினோரு பக்கங்களில் சமையல் ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும் "கமகம", "நாவூற", "மணம் பரவியது" என்ற சொற்களே மிகுந்திருந்தன. யாரும் எதையும் நறுக்கவில்லை, தூக்கவில்லை, கழுவவில்லை. உணவு மனிதரை ஒன்றுசேர்க்கிறது என்று நான் மனமார நம்பி எழுதியிருந்தேன். ஆனால் அது எந்த இடத்தில், எப்படிச் சேர்க்கிறது என்பதை எழுதவே இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது செபராங் பிறையின் தென்பகுதியில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் வெட்டுக்குப் போனவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் முன்பே உலையை இறக்கிவிட்டுப் போவார். மாரியம்மன் திருவிழா வந்தால் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்புறம் குழி வெட்டி, ரப்பர் விறகைப் போட்டு, மூன்று அண்டாக்களில் சோறு வேகும். அந்த நாள்களில் நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவுகூர முயன்றபோது எந்தச் சுவையும் நாக்கில் வரவில்லை. நினைவுக்கு வந்தவை வேறு: தண்ணீரில் ஊறப்போட்ட சின்ன வெங்காயத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது, எனக்குக் கத்தி தராமல் தோலைக் கூட்டி அள்ளும் வேலையை மட்டும் தந்தது, எனக்கு முன் பிறந்து நாற்பது நாள்களில் இறந்துபோன அண்ணனைப் பற்றி அம்மா பேசியதை முதன்முதலாக அங்கே நான் கேட்டது. வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. வெங்காயக் கூடையைச் சுற்றி எல்லோருடைய கண்களும் கலங்கியிருந்ததால், அம்மாவின் கண்களை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. அவர் பேசிக்கொண்டே உரித்தார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உரித்தார்கள். பேச்சு முடிந்தபோது கூடையும் முடிந்திருந்தது.

எதிரெதிரே அமர்ந்து இலையைப் பார்த்துச் சாப்பிடும்போது மனிதர் பேசுவது குறைவு. பேசினாலும் உபசாரப் பேச்சாகத்தான் இருக்கும். கைக்கு ஒரு வேலையும், கண்ணுக்கு ஓர் இடமும், எழுந்து போக முடியாத ஒரு காரணமும் இருக்கும்போதுதான் உள்ளே கிடப்பது வெளியே வருகிறது. என் கதை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கூடை. இது புரிந்ததும் நான் செய்த முதல் காரியம் எழுத உட்கார்ந்தது அல்ல. தைப்பூசம் வரும்வரை பொறுத்திருந்து, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் நடக்கும் சமையலுக்கு வேலையாளாகப் போனேன். அதுவரை ஆண்டுதோறும் நன்கொடை கொடுத்துவிட்டு, காலையில் தூக்குப் பாத்திரத்தோடு இறங்கி வருபவளாகவே இருந்திருக்கிறேன்.

2024-இல் தைப்பூசம் ஜனவரி 25-ஆம் தேதி வந்தது. முந்திய நாள் அதிகாலையிலேயே பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி இரதம் புறப்பட்டு, சிதறு தேங்காய்களின் நடுவே நாள் முழுதும் ஊர்ந்து, முருகன் கோவில்கள் இருக்கும் தண்ணீர்மலை நோக்கிப் போகும். 2017 முதல் குவின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து தங்க இரதமும் போகிறது. இரதம் பார்த்துத் திரும்பியவர்கள் குளித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கூடத்தில் கூடினார்கள். மறுநாள் 513 படிகள் ஏறி மலைக்கோவிலுக்குப் போகிறவர்களுக்காகச் சாலையோரத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் 400 பேருக்குச் சோறு கொடுப்பது எங்கள் பொறுப்பு. தலைமை, குடியிருப்பு முழுவதும் 'பெரியக்கா' என்று அழைக்கும் எழுபது வயது அம்மையார்.

"டீச்சர், நீங்க எழுதுறதுக்கு வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா?" என்று அவர் கேட்டார். வேலைக்கு என்றேன். ஓர் அரிவாள்மணையையும் இரண்டு பெரிய பூசணிக்காய்களையும் என் முன்னால் உருட்டினார்.

அந்த இரவில் நான் தெரிந்துகொண்டவற்றுள் எழுதுகிறவர்களுக்கு உடனே பயன்படுவது அளவும் நேரமும் பற்றிய கணக்குத்தான். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி, மூன்று கிலோ துவரம் பருப்பு என்பது பெரியக்காவின் வாய்ப்பாடு. ஆகவே 40 கிலோ அரிசி, 12 கிலோ பருப்பு. பத்துக் கிலோ அரிசியை வடிக்க வேண்டுமானால் 50 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கொதிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கொதிக்கவே பெரிய கேஸ் அடுப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அடுப்பு இரண்டு, சோற்று அண்டா நான்கு, சாம்பார் அண்டா இரண்டு. லோரி புறப்பட வேண்டியது காலை ஐந்தரை மணி. இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், முதல் உலை எத்தனை மணிக்கு ஏற வேண்டும், பருப்பு எந்த இடைவெளியில் வேக வேண்டும், எந்தக் காரியம் பத்து நிமிடம் பிந்தினால் எல்லாம் குலையும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. என் முதல் கதையில் திருப்பம் வேண்டும் என்பதற்காக வெளியூரிலிருந்து ஒரு கடிதத்தை வரவழைத்திருந்தேன். அடுப்பிலேயே அத்தனை திருப்பமும் இருக்கும்போது அந்தக் கடிதத்துக்குத் தேவையே இல்லை. ஆகவே கூட்டுச் சமையலைக் கதையாக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை அடுப்பு, எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கதைக்குள் வர வேண்டியதில்லை. ஆனால் கதைக்குள் யாரும் காரணமின்றி ஓய்வாக நிற்க அது விடாது.

என் பிழைகளும் ஒவ்வொன்றாக அங்கே வெளிப்பட்டன. கதையில் தலைமைச் சமையல்காரி கரண்டியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்து உப்பு போதும் என்று தலையாட்டுவாள். முருகனுக்குப் படைக்கும் முன் அந்த உணவை யாரும் வாயில் வைப்பதில்லை என்பதை, கோவில் காரியங்களுக்குப் பழகிய நான், எழுதும் வேகத்தில் மறந்திருந்தேன். பெரியக்கா உப்பைக் கைப்பிடியால் அளந்தார், போட்ட பிறகு அண்டாவின் மேல் குனிந்து ஆவியை முகர்ந்தார், அவ்வளவுதான். ஒருவரும் சுவைக்காத சமையலில் சுவையைப் பற்றிய சொல் ஒன்றுக்கும் இடமில்லை. இதை அறிந்ததும் என் கதையில் பாதி அடைமொழிகள் தாமாக உதிர்ந்துவிட்டன. அதேபோல, பருப்பையும் புளியையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்ததாக எழுதியிருந்தேன். புளியின் புளிப்பு ஏறிவிட்டால் பருப்பு இளகாது. பருப்பு மலர வெந்து, கடைந்த பிறகுதான் புளிக்கரைசல் உள்ளே போக வேண்டும் என்பது வீட்டில் நாள்தோறும் நான் செய்வதுதான். கை அறிந்திருந்ததைப் பேனா அறிந்திருக்கவில்லை.

இந்த அனுபவத்தில் என்னை மிகவும் உலுக்கியது வெங்காயம்.

என் வீட்டுக்கு நேரெதிர் வீட்டில் ஒரு சீன மூதாட்டி இருக்கிறார். நான் அவரை 'ஆ சோ' என்று அழைப்பேன். அவர் என்னை, ஆசிரியரை அழைக்கும் மலாய்ச் சொல்லால், 'சிகு' என்பார். தைப்பூசத்தன்று என் தூக்குப் பாத்திரத்திலிருந்து அவருக்குச் சோறும் சாம்பாரும் கொடுப்பது பதினோரு ஆண்டுப் பழக்கம். இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார். கழுவிய பாத்திரத்தில் இரண்டு மூன்று ஆரஞ்சுப் பழங்களை வைத்துத் திருப்பித் தருவார். என் கதையின் இறுதிக் காட்சிக்கு ஊற்றே அதுதான். அந்த இரவு அவரும் சின்ன வெங்காயம் உரிக்க வந்து என் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தார். ஒரு மணி நேரம் உரித்திருப்பார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, எங்களுக்குள் பேசிக்கொள்ளும் கலவை மொழியில் சொன்னார்: "சிகு, பெசோக் சாயா சியா சாய். பாவாங் தா போலே."

நாளைக்கு எனக்குச் சைவ விரதம், வெங்காயம் ஆகாது என்பது அதன் பொருள். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அவர் சைவம் என்பது எனக்கும் தெரியும். அந்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் சேரா என்பது தெரியாது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. சீனர்களின் பதினைந்தாம் நாளும் பௌர்ணமியை ஒட்டியதே. அந்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. வேறு பல ஆண்டுகளிலும் அப்படித்தான் விழும், சில ஆண்டுகளில் மட்டும் ஓரிரு நாள் முன்பின்னாக இருக்கும். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நான் கொடுத்த சாம்பாரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பேரனுக்குக் கொடுத்துவிடுவேன், அவனுக்கு மிகவும் பிடிக்கும் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ கொண்டுவந்து நிற்கும்போது எப்படிச் சொல்வது என்பது போல் தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தார். தமக்கு ஆகாத பொருளை, நானூறு பேருக்காக, நள்ளிரவு தாண்டியும் அவர் உரித்துக்கொண்டிருந்தார்.

என் கதையில் இந்த அம்மையார்தான் முதல் கவளத்தை வாயில் வைத்து, கண் கலங்கி, "சேடாப்", சுவையாக இருக்கிறது, என்று சொல்பவர். பதினோரு ஆண்டுகள் கதவுக்குக் கதவு வாழ்ந்து, அவர் உண்ணாத ஒன்றை அவர் உண்டதாக எழுதிவைத்திருந்தேன். கதையில் அந்தக் காட்சியை நீக்கினேன் என்று சொல்வது போதாது. அந்தக் காட்சி எவ்வளவு ஏழ்மையானது என்று அன்றிரவுதான் கண்டேன். பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தில் ஆரஞ்சு வைத்துத் தந்த ஒருவரின் மரியாதை, நான் கற்பனை செய்த கண்ணீரைவிடப் பல மடங்கு பெரியது.

இது வெங்காயத்தோடும் நிற்கவில்லை. கதையைத் திருத்தி எழுதும்போது, அவருக்கென்று தனியாக ஒரு சிறு பாத்திரத்தில் வெங்காயமில்லாத சாம்பார் வைப்பதாக ஒரு காட்சி அமைத்தேன். வெங்காயம் இல்லாத குறையைப் பெருங்காயம் ஈடுசெய்யும் என்று நம் வீட்டு வழக்கப்படி எழுதினேன். பிறகு ஐயம் வந்து தேடிப் படித்தபோது, சீனப் பௌத்த மரபு விலக்கும் காரமணப் பொருள்கள் ஐந்தில் பெருங்காயமும் ஒன்று என்று அறிந்தேன். சமஸ்கிருதத்தின் 'ஹிங்கு' என்ற பெயரையே ஒலிபெயர்த்துச் சீன நூல்கள் குறிக்கின்றன. ஆ சோவிடம் மஞ்சள் டப்பாவைக் காட்டிக் கேட்டேன். அவர் தாம் போகும் கோவிலின் பிக்குணியிடம் கேட்டு வந்து, வேண்டாம் என்று தலையசைத்தார். ஆகவே கதையிலும் வீட்டிலும் அந்தச் சிறு பாத்திரம் வெந்தயமும் கறிவேப்பிலையும் வறுத்தரைத்த மல்லியும் தேங்காயும் மட்டும் கொண்டதாயிற்று. ஒரு பாத்திரத்துச் சாம்பாருக்காக இரண்டு மாதம் அலைந்தது வீண் என்று சிலர் நினைக்கலாம். அந்த அலைச்சல்தான் கதையின் நடுப்பகுதியாக அமைந்தது என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றிரவு கூடத்தில் இருந்த மற்றவர்களையும் இதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். இரண்டாம் மாடி மலாய்ச் சகோதரி ஒருவர், தம் வீட்டுக் கத்தியையும் பலகையையும் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், நறுக்கினார். தம் குடுவையிலிருந்து பால் சேர்க்காத தே ஓ குடித்தார். வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு மேலே போனார். படையலுக்கான உணவை அவர் உண்பதில்லை. அவரிடம் யாரும் உண்ணச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. ஒருவர் சேர்ந்து உண்ணாமலே முழுமையாகச் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை. பந்தியில் அவரை உட்காரவைத்த என் பழைய கதை, அவர் எதை விட்டுக்கொடுக்காமல் எதைக் கொடுத்தார் என்பதை அழித்துவிட்டிருந்தது.

பாத்திரம் பற்றிய பேச்சும் அப்படித்தான். எங்களிடம் இருந்த அண்டாக்களில் ஒன்று ஓட்டையாகியிருந்தது. முதல் மாடியில் ஒரு பாய் இருக்கிறார். நாசி கண்டார் எனும் சோற்றுக் கடையில் நெடுங்காலம் சமைத்தவர். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கும் கை கொடுப்பவர். அவரிடம் பெரிய அண்டாக்கள் உண்டு. ஆனால் கறி வெந்த அண்டாவை முருகன் காரியத்துக்கு எடுக்கலாமா என்று கூடத்தில் ஒரு தயக்கம் எழுந்தது; யாரும் உரக்கச் சொல்லவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்கா படியேறிப் போய்க் கேட்டார். பாய் உள்ளே போய்ப் புதிய அண்டா ஒன்றை எடுத்து வந்தார். "அக்கா, இதுல இன்னும் நான் எதுவும் ஆக்கல. முதல்ல நீங்க ஆக்கிக் குடுங்க, நோன்புக்குக் கஞ்சி காய்ச்ச எடுத்துக்கிறேன்" என்றார். பெரியக்கா கேட்காமலே அவருக்குத் தயக்கம் புரிந்திருந்தது. அவர் சொல்லாமலே பெரியக்காவுக்கு அவர் புரிந்துகொண்டது தெரிந்திருந்தது. இந்தத் தயக்கத்தை எழுதினால் மனத்தாங்கல் வருமோ என்று அஞ்சி, முதல் கதையில் எல்லாப் பாத்திரங்களையும் வாடகைக்கு எடுத்ததாக எழுதியிருந்தேன். சமையல் மனிதரைச் சேர்க்கும் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி அஞ்சித்தான், பிரிக்கும் கோட்டைக் கண்ணில் காட்டாமல் விடுகிறோம். கோடு எங்கே இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியாவிட்டால், ஒருவர் அதன் ஓரம்வரை வந்து நின்றதும் தெரியாது.

மொழியைப் பற்றி ஒரு சொல். பினாங்கில் ஒரே அடுப்பைச் சுற்றி மூன்று நான்கு மொழிகள் புழங்குகின்றன. எல்லோரையும் செந்தமிழில் பேசவைத்தால் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை என்றாகிவிடும். ஒவ்வொரு மலாய்ச் சொல்லுக்கும் விளக்கம் எழுதினால் கதை பாடநூலாகிவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஒன்றிரண்டு சொற்கள் போதும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு செயலை வைத்துவிட்டால், மதுரையில் படிக்கிற வாசகருக்கும் பொருள் விளங்கும்.

இனி அந்த இரவின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். மூன்று மணியளவில், நான்காவது சோற்று உலை கொதிக்கும் நேரத்தில், கேஸ் தீர்ந்தது. 14 கிலோ தோம்பு, அதாவது சிலிண்டர், மூன்று வாங்கியிருந்தோம், மூன்றும் முடிந்துவிட்டன. அந்த நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. மூன்றாம் மாடி அம்மா ஒருவர் எதுவும் சொல்லாமல் மேலே போய்த் தம் வீட்டு அடுப்பிலிருந்து தோம்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு இளைஞர்கள் அதைத் தூக்கி வந்தார்கள். வழக்கமாகச் சோறு வடிக்கும் ஆண்களில் ஒருவர் லோரியை எடுக்கப் போயிருந்தார், மற்றவர் தோம்பு தூக்கியதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உலை இளகிக்கொண்டிருந்தது, ஐந்து நிமிடம் தாமதித்தால் பத்துக் கிலோ அரிசியும் குழைந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இருவர்தாம்: அந்த மூன்றாம் மாடி அம்மா, நான்காம் மாடி அக்கா.

மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் கசிந்த சச்சரவில், அவர்கள் இருவரும் ஆறு ஆண்டுகளாகப் பேசுவதில்லை. மின்தூக்கியில் ஒருவர் இருந்தால் மற்றவர் ஏறமாட்டார். பெரிய அண்டாவில் கஞ்சி வடிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். வாய்க்கு வடிதட்டை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, இரண்டு காதுகளிலும் ஈரச் சாக்கைச் சுற்றிப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சாய்க்க வேண்டும். ஒருவர் முந்தினால் மற்றவர் மேல் கொதிகஞ்சி கவிழும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராமல் ஆளுக்கொரு காதைப் பிடித்தார்கள். கஞ்சி சாக்கடை வாய்க்காலில் இறங்கி முடியும்வரை அவர்களிடையே நான்கே சொற்கள் நடந்தன: "மெல்ல." "ம்." "நிறுத்து." "இப்ப." பிறகு அண்டாவை நிமிர்த்திவிட்டு, ஒருவர் கோபிஸ் தாளிக்கவும் மற்றவர் அப்பளம் பொரிக்கவும் போய்விட்டார்கள்.

பழைய கதையில் இப்படி இருவர் இருந்திருந்தால், நான் அவர்களைப் பந்தியில் அடுத்தடுத்து உட்காரவைத்து, ஒருவர் இலையில் மற்றவரை அப்பளம் வைக்கச் சொல்லிக் கட்டித் தழுவவைத்திருப்பேன். புதிய கதை அந்த நான்கு சொற்களோடு முடிந்தது. அவற்றுக்குப் பின் ஒரு வரிகூடச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அயலாரை வைத்துக் கதை எழுதுகிறவர்களுக்குப் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. சச்சரவின் காரணத்தைச் சீட்டுப் பணமாக மாற்றினேன், மாடிகளை மாற்றினேன், சாம்பாரைக்கூட முருங்கைக்காய்ச் சாம்பாராக்கினேன். அப்படியும், இதழுக்கு அனுப்பும் முன் இருவரிடமும் தனித்தனியே போய் வாசித்துக் காட்டினேன். சமைக்கத் தெரிந்தவரிடம் உரக்க வாசிப்பதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். விமரிசகர் பிடிக்காத பிழையை அவர்கள் காதாலேயே பிடித்துவிடுவார்கள். பெரியக்கா அப்படித்தான் அப்பளத்தை எண்ணெய் காயும் முன்பே போட்டிருந்த ஒரு வரியைப் பிடித்தார்.

நான்காம் மாடி அக்கா கதையைக் கடைசிவரை கேட்டார். சீட்டுப் பணத்தைப் பற்றியோ சச்சரவைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "டீச்சர், அந்த அண்டாவ வடிக்கும்போது ஆவி எல்லாம் என் பக்கந்தான் அடிச்சிச்சு. அத எழுதலியே" என்றார். மூன்றாம் மாடி அம்மாவிடம் வாசித்தபோது, அவர் 'நிறுத்து' என்ற சொல் வந்த இடத்தில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அது சும்மா சொல்லல. அவ கைமேல ஆவி ஏறுதுன்னு பாத்துத்தான் சொன்னேன்" என்றார்.

இதை இவருக்கு அவர் சொன்னதில்லை. அவருக்கு இவரும் சொன்னதில்லை. தூது போகவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆவி எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கு ஒரு வரியும், எதிர்ப் பக்கம் நின்றவள் எதைப் பார்த்து 'நிறுத்து' என்றாள் என்பதற்கு ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். ஆண்டு இறுதியில் அதே இதழில் கதை வந்தது. பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வீட்டுக் கதவிடுக்கிலும் செருகிவிட்டு வந்தேன்.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. ஆ சோவின் பதினைந்தாம் நாள், அதாவது சீனப் புத்தாண்டின் நிறைவு நாளான சாப் கோ மே, மறுநாள். அவருடைய சிறு பாத்திரத்தை அதனால் ஒரு நாள் பிந்தி அவர் வீட்டு அடுப்பிலேயே வைத்தோம். கீழே கூடத்தில், முந்திய இரவு, கேஸ் தோம்பு ஐந்து வாங்கியிருந்தார்கள். வடிக்கும் ஆண்கள் இருவரும் இருந்தார்கள். ஆயினும் நான்காவது அண்டாவுக்கு அந்த இரண்டு பெண்களே சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார்கள். நான் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்ததால் அவர்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. போன ஆண்டு நின்ற இடத்தில் நிற்காமல், பக்கம் மாறி நின்றிருந்தார்கள்.